ஆவடியில் விட்டதும் பூந்தமல்லியில் வாங்கியதும்: கை நடுங்குகிறவன் கேமரா தேடிய ஒரு நாள்

போன சனிக்கிழமை, என் கைக்குச் சரியாக வந்த ஒரு கேமராவை ஆவடியில் பேரம் பேசியே கைவிட்டேன். அதைவிடச் சுமாரான ஒன்றை மாலையில் பூந்தமல்லியில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கேமரா வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு, முக்கியமாகக் கை ஆடுகிறவர்களுக்கு, இது உபயோகப்படலாம்.

பட்டாபிராமில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். போட்டோ எனக்குத் தொழில் இல்லை. ஞாயிறு காலை செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் நாரை, நீர்க்காகம் என்று மொபைலில் எடுப்பேன். வாரத்தில் கடை ஞாபகம் வராத இரண்டு மணி நேரம் அதுதான். ஒரு வருடமாக வலது கை நடுங்குகிறது. "கூடத்தான் செய்யும், மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும்" என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். எடுக்கிற படமெல்லாம் கலங்கல். வெறுத்துப்போய் ஏரிக்குப் போவதையே நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்தது. நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா கிடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்றுதான் கிளம்பினேன். பட்ஜெட் நாற்பதாயிரம்.

காலை 9.10க்கு ரயில். அம்பத்தூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், இருபது நிமிடம். ஸ்டேஷனிலிருந்து ஷோரூமுக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். அங்கே காட்டிய புது கேமரா அறுபத்திரண்டாயிரம், லென்ஸோடு ஒரு கிலோவுக்குப் பக்கம். கனம் இருந்தால் ஆட்டம் குறையும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். என் கைக்கு நேர்மாறு. ஆறு படம் எடுத்தேன், ஆறும் பாழ். விற்பனையாளர் எட்டிப் பார்த்து, "சார், மூச்ச புடிச்சுகினு ஆடாம எடுங்க, சூப்பரா வரும்" என்றார். ஆடாமல் எடுக்க முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? பிரோஷரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

11.25 ரயிலில் ஆவடிக்குத் திரும்பினேன். மார்க்கெட் பக்கம் பழைய கேமரா வாங்கி விற்கிற கடை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, நடுக்கம் தாங்கும் வசதி கேமராவின் உடம்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மிரர்லெஸ் ரகம். சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸின் நம்பர் பலகையை ஜூம் செய்து எடுத்தேன். ஒவ்வொரு எண்ணும் அசையாமல் நின்றது. ஒரு வருடத்தில் நான் எடுத்த முதல் தெளிவான படம்.

ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முப்பது வருடம் குழாயும் வால்வும் வாங்கி விற்றவன். பிடித்ததாகக் காட்டினால் விலை இறங்காது. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"ரப்பர் உரிஞ்சிருக்கு. ஸ்க்ரீன்ல கீறல் வேற. எவ்ளோ?"

"முப்பத்தெட்டு அண்ணாத்தே. பாடி இன்னா கண்டிஷன்ல கீது பாருங்க."

"இதுக்கா? முப்பது தரேன்."

"கட்டாது நைனா."

கீழே வைத்துவிட்டு நடந்தேன். என் கடையில் இப்படி நடக்கிறவரைப் படி இறங்குவதற்குள் கூப்பிட்டுவிடுவேன். இவர் கூப்பிடவில்லை. தெருத் திருப்பத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. இருபது நிமிடம் வேண்டுமென்றே கழித்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடி அலமாரியில் அந்த இடம் காலி. லேப்டாப் பையோடு வந்த ஒருவர், கேட்ட விலையை போனிலேயே அனுப்பிவிட்டு எடுத்துப் போய்விட்டாராம்.

"ரப்பர் சரியில்ல, கீறல் கீதுன்னு அவ்ளோ நொட்ட சொன்னீங்களே அண்ணாத்தே! உங்களுக்கு வாணாம்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர். அதேபோல் ஒன்று வந்தால் சொல்கிறேன், நம்பர் எழுதிவிட்டுப் போங்கள் என்றார். எழுதினேன். அவரால் படிக்க முடியவில்லை. என் கையைப் பார்த்தார்.

"இதுக்கோசரமா அந்த மெஷினு கேட்டீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து உள்ள வச்சிருப்பேனே!"

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பூந்தமல்லி பஸ் பதினைந்து ரூபாய், பத்து கிலோமீட்டர்தான், நெரிசலில் ஐம்பது நிமிடம். வழியெல்லாம் அந்த நம்பர் பலகைதான் கண்ணில் நின்றது. எட்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் என்ன செய்துவிட்டேன்!

பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோ. நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இந்த முறை கையை மேஜைமேல் வைத்தே பேசினேன். ஒரு பழைய சின்ன கேமராவை எடுத்துத் தந்தார். பத்துப் படத்தில் நான்கு தெளிவு.

"அண்ணா, பொய் சொல்லி விக்க மாட்டேன். கை இன்னும் ஆடிச்சுன்னா இதுவும் தாங்காது."

"தெரியும்மா. எந்த கேமரா தாங்கும்?"

அவர் இன்னொரு பேட்டரியையும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஏரிக்குப் போனேன். நாற்பது படத்தில் பதினொன்று தேறியது. பறக்கிற நாரை ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் இந்தப் பதினொன்று எத்தனையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போகிறவர்கள் சொந்த மெமரி கார்டு கொண்டுபோங்கள். கடையிலேயே ஜூம் போட்டுப் பத்துப் படம் எடுத்து எத்தனை தேறுகிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருப்பதை நம்பவேண்டாம். கேமராவைப் பத்து நிமிடம் தூக்கிப் பிடித்து நின்று பாருங்கள். பழைய கேமராவில் ஒரு மாடலுக்கு ஒரு பீஸ்தான் இருக்கும். உங்கள் குறை என்னவோ அதைக் கடைக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பேரம் அப்புறம்.

விலை கேட்பீர்கள். பூந்தமல்லி அம்மா இருபத்தாறாயிரம் சொன்னார், நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. பை, இரண்டு பேட்டரி சேர்த்து. நான் கேட்டது ஒரே நிபந்தனை: என் கையால் இதைப் பிடிக்க முடியாமல் போகிற அன்று அவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஐந்நூறு கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டார்.