அவரைத் தோற்கடித்த பூட்டு

மழைக்காலத்தில் அவர் ஒரு பிஸ்கட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அதை எடுத்துக் காதருகே பிடித்து இரண்டாக ஒடிப்பார். ‘டக்’கென்று ஓசை எழுந்தால் முகத்தில் ஒரு திருப்தி. ஓசையில்லாமல் வளைந்து கொடுத்தால் அன்று முழுவதும் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. அந்தப் பிஸ்கட் கம்பெனியில் அவருக்கு நூற்றிருபது பங்குகள் இருக்கின்றன.

“ஊரே பேப்பரைப் பிரிச்சுப் பங்கு விலை பாக்குது. இவர் பிஸ்கட்டை ஒடிச்சுப் பாக்கறார். இதுவரைக்கும் இவர்கிட்ட லாபம் பாத்தது எறும்பு மட்டும்தான்” என்பார் அவர் மனைவி. மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். எதையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவர், கணவரைத் தவிர.

கணவருக்குத் தொழில், பூட்டுத் திறப்பது; கேட்டால் புதுப்பூட்டும் போட்டுத் தருவார். சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள், கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருவில் நின்று யோசிப்பவர்கள் எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். எந்தப் பூட்டும் அவரிடம் ஏழு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பதால் அக்கம்பக்கத்தில் அவருக்கு ‘ஏழு நிமிஷம்’ என்றே பெயர். “ஏழு நிமிஷம் இருக்காரா?” என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு, “வர அரை மணி ஆகும்” என்று மனைவி பதில் சொல்வது வாடிக்கை.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளமான, கெட்டியான உடம்பு. ஒரு பூட்டை எளிதாகத் திறந்துவிட்டால் அவருக்கு மகிழ்ச்சி வருவதில்லை; எரிச்சல்தான் வரும். “இது பூட்டு இல்லம்மா, மூடி. டப்பாவுக்குப் போடுவாங்களே, அது” என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நன்றி சொல்ல வாயெடுத்தவர்கள் நன்றியை விழுங்கிக்கொண்டு கூலியை மட்டும் கொடுத்தனுப்புவார்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பல் மருத்துவரின் வாசலில் அவர் முதன்முறையாகத் தோற்றார். நீலநிறத் தலையுள்ள சாவியோடு அப்போது புதிதாக வந்திருந்த பூட்டு அது. இரண்டு மணி நேரம் மண்டியிட்டும் மசியவில்லை. கடைசியில் கதவோடு சேர்த்து அறுக்க வேண்டியதாயிற்று. கையில் கட்டோடு வீடு திரும்பியவர், சாப்பிட உட்காராமல் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு கம்பெனியோட பங்கு எப்படி வாங்கறது?”

“தலையிலயும் அடிபட்டுச்சா?” என்றார் மனைவி.

அன்று பிறந்ததுதான் அவருடைய முதலீட்டுக் கொள்கை. கை அறிந்த பொருளைச் செய்கிற கம்பெனியில் மட்டுமே காசு போடுவது. நீலச்சாவிப் பூட்டு அவரைத் தோற்கடித்ததால் அதைச் செய்கிற கம்பெனியின் பங்கை வாங்கினார். தெருத்தெருவாக அலைந்தும் ஐந்து வருடம் அடிப்பாகம் விட்டுப்போகாத காலணிக்காக ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினார். துருப்பிடித்த தாழ்ப்பாளில் விடும் எண்ணெய்க்காக ஒன்று. வங்கிப் பங்குகளை மட்டும் தொடுவதில்லை. “அவங்க பெட்டக அறைப் பூட்டை நான் பாத்திருக்கேன்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்குமேல் கேட்டால், தொழில் தர்மம் என்று உதட்டில் விரல் வைப்பார்.

ஒருமுறை நீலச்சாவிக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்கும் போனார். பையில் பூட்டும் கம்பிகளும் இருந்ததால் வாசற் காவலர்கள் அரைமணி நேரம் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். ஒருவழியாக உள்ளே போய் ஒலிவாங்கியைப் பிடித்து, பூட்டுக்குள் இருக்கும் மூன்றாவது சுருள்வில்லைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். மேடையில் இருந்தவர் வளர்ச்சி விகிதத்தைப் பதிலாகச் சொன்னார். பிறகு தேநீரோடு பரிமாறப்பட்ட பிஸ்கட் வேறு கம்பெனிச் சரக்கு என்பதைக் கண்டு, பாதியைக் கடித்து மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இந்தக் கொள்கைக்கு நேர் எதிர்க்கட்சி, மனைவியின் தம்பி. செல்போன் கடையில் விற்பனையாளர். காலையில் யாரோ காதில் சொல்வதை மத்தியானத்துக்குள் வாங்கிவிடுகிறவர்.

“மாமா, இதுல போடுங்க. ஆறே மாசம், ரெட்டிப்பு.”

“என்ன செய்யற கம்பெனி மச்சான்?”

“தீர்வுகள் தர்றாங்க மாமா.”

“எதுக்குத் தீர்வு?”

“அது… எல்லாத்துக்கும்தான்.”

“அப்ப எனக்கு ஒரு தீர்வு வாங்கிட்டு வா. ஒடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

ஆனால் நீலச்சாவியின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்து மச்சானும் சத்தமில்லாமல் அதில் கொஞ்சம் வாங்கி வைத்தார். இரண்டு ஆண்டுகளாக அது படியேறுவதை விட்டுப் பறக்கத் தொடங்கியிருந்தது. கணவன் மனைவி இருவரின் சேமிப்பில் முக்கால் பங்கு அதற்குள்தான் இருந்தது. இருபத்து மூன்று வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு தம்பதியர் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பேசி முடித்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். “ஊர்க் கதவுக்கெல்லாம் பூட்டுப் போட்டாச்சு. நமக்குன்னு ஒரு கதவு வேணாமா?” என்று மனைவி கேட்டுக் கேட்டு நடந்த ஏற்பாடு அது. முன்பணம் முழுவதும் நீலச்சாவியை விற்றுத்தான் வரவேண்டும்.

அந்த மாதத்தின் முதல் வாரத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அவசரமாகக் கூப்பிட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். காற்று கதவைச் சாத்திவிட்டது. கதவில் இருந்தது நீலச்சாவி. போன வருடம் இவரே போட்டுக் கொடுத்த புது ரகம்.

“இது ஆகாதும்மா, வெட்டத்தான் வேணும்” என்றார், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமையோடு. “என்னையே மண்ணைக் கவ்வ வச்ச பூட்டு. இருந்தாலும் மரியாதைக்கு ஏழு நிமிஷம் பாக்கறேன்.”

நான்காவது நிமிடம் கதவு திறந்துகொண்டது.

“நல்லா இருப்பேப்பா!” என்று ஆசிரியை அடுப்படிக்கு ஓடப் பார்த்தார். அவர் குறுக்கே நின்றார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

“அம்மா, ஒரு நிமிஷம். சாத்திட்டு இன்னொரு தடவை பாக்கட்டுமா?”

“பால் பொங்குதுப்பா!”

“ஒரே தடவைம்மா” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் கதவை இழுத்துச் சாத்தினார். இருவருமே வெளியே. இரண்டாம் முறை மூன்று நிமிடம்தான் ஆயிற்று. அடிப்பிடித்த அந்தப் பாத்திரத்தைத் தேய்க்கும்போதெல்லாம் ஆசிரியை இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வெவ்வேறு கடைகளிலிருந்து மூன்று நீலச்சாவிப் பூட்டுகளை வாங்கிவந்து சமையலறை மேசையில் வரிசையாக வைத்தார். மனைவி கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் மூன்றும் வாய் பிளந்து கிடந்தன. ஒன்றை இரண்டாக அறுத்தார். பழைய பூட்டில் ஐந்து பித்தளைத் தகடுகள் இருக்கும், புதியதில் நான்குதான். அவையும் விரலால் வளைக்கும்படி மெலிந்திருந்தன.

“ரெண்டு வருஷமா லாபம் கொட்டுது கொட்டுதுன்னாங்களே, எங்கிருந்து கொட்டுதுன்னு பாத்தியா?” என்று அந்த ஒற்றைத் தகட்டுக்கான வெற்றிடத்தைக் காட்டினார். தொழிலில் அவர் அடைந்த மிகப் பெரிய வெற்றி அது. சிரிக்கத்தான் முடியவில்லை.

மனைவி கீரையைத் தள்ளி வைத்தார். “நாளைக்கே வித்துடுங்க. விலை உச்சத்துல இருக்கு.”

“இந்த ரகத்தை நாற்பத்து மூணு கதவுல போட்டிருக்கேன்.”

“அதுக்கு?”

“கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க, என் காசே இதுலதான் இருக்குன்னு ஒவ்வொரு வீட்டுலயும் மார்தட்டியிருக்கேன். தீப்பிடிச்ச வீட்டுல நான் மொதல்ல வெளிய வந்து நின்னுக்கிட்டு உள்ள இருக்கறவங்களைக் கூப்பிடறதா? எல்லாருக்கும் சொல்லி முடிச்சுட்டு விக்கறேன்.”

“நீங்க சொல்றதுக்குள்ள விலை இறங்கிட்டா?”

“அதுதான் எனக்கும் பயம். நான் வாயைத் திறந்தா சந்தையே ஆடிப் போயிடும்.”

“ஆமா. உங்க வாய்க்குத்தான் உலகமே காத்துக்கிட்டு இருக்கு” என்றார் மனைவி. இருந்தும் நாற்பத்து மூன்று முகவரிகளையும் அவர்தான் தெருவாரியாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்கும் ஒரு கடிதம் போயிற்று. ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எங்கள் மற்ற தயாரிப்புகளையும் பயன்படுத்தி மகிழுங்கள்’ என்று பதில் வந்தது.

முதல் வீடு மச்சானுடையது. கேட்டுவிட்டு மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “மாமா, பங்கு ஏறுதான்னு பாப்பாங்களா, பூட்டு திறக்குதான்னு பாப்பாங்களா?” மறுநாள் காலை பத்து மணிக்கு மச்சான் தன்னிடமிருந்த நீலச்சாவிப் பங்குகளை ஒன்று விடாமல் விற்றார். மாலையில் புதுக் கைக்கடிகாரத்தோடு அக்கா வீட்டுக்கு வந்து காபி குடித்தார்.

“என் தம்பி பொழைக்கத் தெரிஞ்சவன். நீங்க படியேறி இறங்குங்க” என்றார் மனைவி.

அவர் ஏறி இறங்கினார். தினப்படி வேலைகளுக்கு நடுவே நாளைக்கு இரண்டு கதவு, மிஞ்சிப்போனால் மூன்று. வீட்டுக்காரர் கண்ணெதிரே பழைய பூட்டைத் திறந்து காட்டுவார். பிறகு கழற்றி வேறு பூட்டை மாட்டுவார். தந்தையும் மகனுமாக ஒரு சின்னப் பட்டறையில் செய்கிற பூட்டு அது. முன்பொரு சமயம் பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டியும் அவரால் திறக்க முடியவில்லை. அவர் மனசார வாங்க நினைத்த அந்தக் கம்பெனிக்கு விற்பதற்குப் பங்கே கிடையாது என்பது அவருடைய தனித் துக்கம்.

கூலி கேட்கமாட்டார். புதுப்பூட்டின் விலையில் பாதியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

“அது என்னங்க பாதிக் கணக்கு?” என்று ஒரு தையற்கடைக்காரர் கேட்டார்.

“பாதித் தப்பு என்னுது. மீதி கம்பெனியோடது.”

“அப்ப அந்த மீதியையும் நீங்களே கொடுத்துடலாமே? அங்கேயும் நீங்கதானே முதலாளி?”

“அதுவும் சரிதான்” என்று வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிரவு மனைவி முன்பணக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

இப்படி ஏறி இறங்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் காலை ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது. முன்பணம் கட்ட இன்னும் நான்கு நாள். அவர் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே மனைவி பள்ளியிலிருந்து அழைத்தார். எங்கோ ஒருவர் நீலச்சாவிப் பூட்டை நிமிடத்தில் திறந்து காட்டுகிற காணொளி காலையிலிருந்து எல்லோர் செல்போனிலும் ஓடுகிறதாம். பங்கு எட்டு சதவீதம் இறங்கிவிட்டது.

“நிமிஷத்துலயா? எத்தனை நிமிஷம்?” என்றார் அவர்.

“அதுவா இப்ப முக்கியம்? விக்கறதுக்கு எல்லாம் தயாரா வச்சுட்டேன். உங்க போனுக்கு ஆறு எண் வரும். அதைப் படிச்சுச் சொல்லுங்க, போதும்.”

“ஒரு வீடுதான் பாக்கி. சொல்லிட்டு உடனே படிக்கறேன்.”

கடைசி வீடு ஒரு நர்ஸ் அம்மாவுடையது. இரண்டாம் மாடி. மணியை அடித்தார். திறப்பார் இல்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்தார், எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தலையை நீட்டி, “அவங்களுக்குப் பகல் டூட்டி. வார்டுல போனைத் தொடக் கூடாதாம். ஆறு மணிக்கு வருவாங்க” என்றார். அவர் கையிலும் செல்போன் இருந்தது. அதில் யாரோ ஒரு பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

மீண்டும் மனைவி அழைத்தார். “பதினொண்ணு சதவீதம். ஆறு மணி வரைக்கும் சந்தை திறந்து கெடக்காதுங்க. அவங்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கதவுல சொருகிட்டு வாங்களேன்.”

“என்னன்னு எழுதறது? இந்தக் கதவை யார் வேணும்னாலும் திறக்கலாம்னா?”

“எண் வந்துச்சா, இல்லையா?” என்று மட்டும் கேட்டார் மனைவி.

வந்திருந்தது. ஆறு எண்களும் திரையில் ஒளிர்ந்து, சிறிது நேரத்தில் காலாவதியாகிப் போயின.

மாடிப்படியில் அறிமுகமில்லாத காலடிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து, படிக்கட்டைப் பார்த்தபடி வாசலை அடைத்துக் கால்களை நீட்டி உட்கார்ந்தார்.