கலைமணி அழைக்கிறார்

போன் அடித்தால் சென்றாயன் உடனே எடுப்பதில்லை. மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் துண்டில் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, சுற்றியிருக்கும் பாலிதீன் பையைப் பிரிப்பார். திரையில் மனைவியின் படம். "என்னைப் படம் புடிக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பும்போது எடுத்தது. கீழே 'கலைமணி' என்று பெயர். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுப் பிறகுதான் காதில் வைத்து, "சரி, வர்றேன்" என்பார். கலைமணி இறந்து இரண்டு வருடமாகிறது.

பேயுமில்லை, பிசாசுமில்லை. கூப்பிடுவது மோட்டார். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, மலையடிவாரத்தில் அவருடைய மஞ்சள் காடு. மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் வந்து போகும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், ஊரில் பலரையும் போல அவரும் மோட்டார் கொட்டகையில் சிம் போட்ட பெட்டி ஒன்றை மாட்டினார். மின்சாரம் வந்ததும் அது போன் செய்து சொல்லும். இருந்த இடத்திலிருந்தே போனில் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும்.

கலைமணி இருந்தவரை அந்தப் பெட்டி சும்மாதான் தொங்கியது. அதில் போட்ட சிம்முக்கு டவர் எட்டவில்லை. கொட்டகையில் முனைக்கு ஒன்றாக மாட்டிய மூன்று பல்பும் எரிகிறதா என்று அவளே பார்த்துப் போன் செய்வாள். சென்றாயன் டீக்கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர். "கரண்டு வந்துருச்சு. இன்னும் யாரோட வாயடிச்சிட்டு இருக்கீங்க?" என்ற குரல் பக்கத்து பெஞ்சு வரை கேட்கும்.

அவள் போன பிறகு சொல்ல ஆளில்லை. அவளுடைய சிம்முக்குக் கொட்டகையில் டவர் நன்றாக எடுத்தது. "நல்ல சிம்மு, சும்மா கெடக்குதேன்னு பொட்டில போட்டேனுங்க" என்பார். கூப்பிடும்போது யார் பெயர் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முதல் அழைப்பு வந்தபோது சலூனில் பாதி முகம் நுரையோடு இருந்தார். திரையைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதுவிட்டார். கத்தி பட்டுவிட்டதென்று பயந்துபோனார் கடைக்காரர் குரு.

"பேரை மோட்டார்னு மாத்திக்கங்கப்பா. பாக்கறவங்களுக்கு என்னமோ மாதிரி இருக்குது" என்று மகள் ஜெயபிரியா சேலத்திலிருந்து வரும்போதெல்லாம் சொன்னாள். "இருக்கட்டும் உடும்மா" என்பதோடு சரி. அவருக்கு இருந்த ஒரே குறை, பெட்டிக்குள்ளிருந்து பேசும் பெண்ணின் பேச்சு. "மும்முனை மின்சாரம் வந்துள்ளதாம். அவ எங்க இப்படிப் பேசுவா? திட்டக்கூடத் தெரியல இதுக்கு!"

போன மாதம் இடி விழுந்ததில் பெட்டி கருகிப்போனது. மெக்கானிக் மாது வந்து திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"போர்டே போயிருச்சுங்க மாமா. இந்த மாடல் இப்ப வர்றதில்ல. புதுசுல சிம்மு உள்ளாறயே வெச்சு வருது. ஆப்புல மெசேஜ் வரும், தொட்டா மோட்டார் ஓடும்."

"போன் பண்ணாதா?"

"அது எதுக்குங்க இனிமே?"

சென்றாயன் இரண்டு நாள் அந்தக் கருகிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரூர் வரை கடை கடையாக ஏறி இறங்கினார். யாரும் கையில் வாங்கக்கூட இல்லை. காட்டில் மஞ்சள் வாடத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்க முடியாமல் புதியதை மாட்டச் சொன்னார். பழைய பெட்டியிலிருந்து சிம்மை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான் மாது. நல்லவேளையாக அது கருகவில்லை.

"வேற போன்ல போட்டு வெச்சுக்கங்கப்பா. அம்மா நம்பர் அப்படியே இருக்கும்" என்று போனில் ஆறுதல் சொன்னாள் மகள்.

"போடலாம். கூப்பிடறதுக்கு ஆள் வேணுமில்ல?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு அழுதிருப்பாள். அவர் அழவில்லை. அவருக்கு உள்ளே ஏதோ இரண்டாவது முறையாக அறுந்துபோயிருந்தது.

இப்போது புதுப் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. மின்சாரம் வந்ததும் சட்டைப்பைக்குள் 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். சென்றாயன் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, கைகளைத் துடைத்து, பாலிதீன் பையைப் பிரிக்கிறார். திரையில் படமில்லை, பெயரில்லை, பச்சை எழுத்தில் ஒரு வரி மட்டும். அதைத் தொட்டு மோட்டாரை ஓடவிடுகிறார். பிறகு போனைக் காதில் வைத்து, "சரி, வர்றேன்" என்கிறார்.