கியர் பெட்டியின் பின்மூடி

எங்கள் தோட்டத்து ஃபிட்டர் ஆண்டியப்பனுக்கு ஒரு பொல்லாத பழக்கம். மூடிக் கிடக்கும் எதையும் அவரால் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. ஆபீஸ் சுவர்க்கடிகாரம் நின்றபோது திறந்து பார்த்து ஓட வைத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கைக்கடிகாரத்தையும் திறந்து பார்த்தார். அது அதோடு நின்றுபோயிற்று. "உள்ள என்னதான் இருக்குன்னு பாத்தேங்கய்யா" என்றார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே, உடப்புசல்லாவைக்குப் போகிற ரோட்டில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே கிளாக்கர். தோட்டத்துக் கடிதம், மனு எல்லாம் என் கையால்தான் போகும். ஆண்டியப்பனின் பிரஜாவுரிமை மனுவையும் நான்தான் எழுதினேன். இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டு அது திரும்பி வந்தது. அவரிடம் அப்படி ஒரு தாளும் இல்லை.

பாக்டரி வேலை போக, தோட்ட மானேஜர் துரையின் லேண்ட்ரோவருக்கும் அவர்தான் வைத்தியர். தோட்டத்தில் எல்லோருக்கும் அது ஜீப்புதான். ஐம்பதாம் வருஷத்து வண்டி. அதன் அடியில் படுத்துக் கிரீஸ் போடும்போதெல்லாம் ஒரு சங்கதி அவரைக் குடைந்துகொண்டிருந்தது. கியர் பெட்டியின் பின்பக்கத்தில் ஓர் இரும்பு மூடி. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. வண்டியின் பின் சட்டத்தின் நடுவிலும், அதற்கு நேராக, ஒரு பெரிய வட்ட ஓட்டை வெறுமனே இருந்தது.

"மூடுறதுக்கா ஒருத்தன் ஓட்டை போடுவான்? அங்கன என்னமோ மாட்டணுங்கய்யா" என்பார்.

துரையிடமே ஒருநாள் கேட்டுவிட்டார். உன் வேலையைப் பார் என்றார் துரை. மூன்று வருஷம் அந்த மூடி ஆண்டியப்பனைத் தூங்கவிடவில்லை. என் கைக்கடிகாரத்தைப் போல அதை அவர் திறக்காமல் விட்டது துரைக்குப் பயந்துதான்.

ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில் பெய்த அடைமழையில், மலையின் மேல் பிரிவான மேக்கணக்கில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குத் தண்ணீர் தந்த ஊற்று மண்சரிவில் அமுங்கிவிட்டது. பாக்டரி ஓடையிலிருந்து மேலே தண்ணீர் தள்ள ஒரு பழைய பம்ப் இருந்தது. ஆனால் அதைச் சுற்றும் எஞ்சின் வெடித்துப்போய்க் கழற்றியாகிவிட்டது. புது எஞ்சின் கொழும்பிலிருந்து வர நாலு மாதம் என்றார்கள். மேக்கணக்குப் பெண்கள் பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு முந்நூறு படி இறங்கினார்கள். ஆண்டியப்பனின் மனைவி ராக்காயிக்கு அப்போது ஏழு மாதம். அவளும்தான் இறங்கினாள்.

தை மாதத்தில் போல்ட்டு வாங்க ராகலைக்குப் போன ஆண்டியப்பன், சரிபுதீன் நானாவின் இரும்புக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்றில் கதவு அடிக்காமல் இருக்க அங்கே ஒரு கனத்த இரும்புச் சக்கரம் வைத்திருந்தார்கள். பாக்டரியில் பெல்ட் பட்டை ஓடும் சக்கரத்தைப் போல அகலமான முகம் அதற்கு. பின்னால் ஒரு சின்னப் பெட்டியோடு சேர்ந்திருந்தது.

"நானா, இது எங்கேருந்து வந்துச்சு?"

"உடப்புசல்லாவையில ஒரு தொர சீமைக்குப் போற நேரம் ஏலத்துல எடுத்தது. ஜீப்பு சாமான்னு சொன்னாங்க. ஒரு மனுசனுக்கும் என்னன்னு தெரியல்ல."

"இதோட வேற ஏதும் வந்துச்சுங்களா?"

வந்திருந்தது. கைப்பிடி வைத்த ஓர் இரும்புப் பெட்டி, சமையலறையில் தண்ணீர்ப் பீப்பாய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நீளத் தண்டு கோழிக்கூட்டின் மேல் பாரமாகக் கிடந்தது. "தண்டை எடுத்துக் கோழி ஓடினா அந்த ஆளே புடிச்சித் தரணும்" என்று உள்ளேயிருந்து சொன்னாள் நானாவின் மனைவி கமறியா.

ஆண்டியப்பன் அன்றைக்கு எதையும் எடுக்கவில்லை. தோட்டத்துக்கு வந்ததும், தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கும் ஈயத்தாளில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனார். மூடியின் மேல் தாளை வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். போல்ட்டுகள் இருந்த இடமெல்லாம் தாளில் பதிந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கைப்பிடி வைத்த பெட்டியின் முகத்தில் வைத்தால், ஓட்டைக்கு ஓட்டை அச்சாகப் பொருந்தியது.

சரிபுதீன் நானா வாயைப் பிளந்தார். "கொண்டு போ. ஓடுற அன்னைக்கு எனக்குச் சொல்லணும். அஞ்சு வருசமா கதவுக்கு வச்ச சாமான் என்ன செய்யுதுன்னு நானும் பார்க்கணும்."

துரையிடம் ஆண்டியப்பன் கைகட்டி நின்று எல்லாவற்றையும் விளக்கினார். ஜீப்பு எஞ்சினாலேயே பம்பைச் சுற்றலாம் என்றார். துரை என் பக்கம் திரும்பினார்.

"கிளாக்கர், இவன் பேருக்குப் பத்துச்சீட்டு எழுது. தேதி போடாதே. கியர் பெட்டியில் ஒரு பல் உடைஞ்சாலும் அன்னைக்குத் தேதி போடு."

பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலை போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு. பிள்ளைத்தாச்சி மனைவியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆண்டியப்பன் சரி என்றார். நான் தோட்டத்துப் பிறப்புப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து வரி வரியாக எழுதினேன், துரை கையெழுத்துப் போட்டார். எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கியர் பெட்டி எண்ணெயை வடித்து, அந்த மூடியைக் கழற்றிய அன்று ஆண்டியப்பன் எனக்கு ஆள் அனுப்பினார். வெள்ளைக் காற்சட்டையோடு நானும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். உள்ளே ஒரு தண்டின் முனை, பல் வெட்டப்பட்டு, எதோடும் சேராமல் நின்றது.

"பாத்தீங்களாய்யா! எஞ்சின் சுத்துறது இதுவரைக்கும் வருது. சக்கரம் ஓடாட்டியும் இது சுத்தும். ஆளு வந்து புடிச்சிக்கன்னு நிக்குது!"

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பத்துச்சீட்டு அவர் நினைவிலேயே இல்லை. கைப்பிடிப் பெட்டியை அங்கே பூட்டினார். கைப்பிடியை இழுத்தால் இரண்டு பல்லும் கோத்துக்கொள்ளும். நீளத் தண்டு பின்னால் ஓடி, சட்டத்து ஓட்டையில் பொருத்திய சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்திலிருந்து பம்புக்குப் பாக்டரிப் பட்டை. இவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் மூன்று வருஷம்.

சனிக்கிழமை காலை ஓடைக்கரையில் ஜீப்பை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். சரிபுதீன் நானா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். எஞ்சின் உறுமியது, பட்டை ஓடியது, பம்ப் அலறியது. தண்ணீர் மட்டும் ஏறவில்லை. பம்புக்குள் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினார். ஏறவில்லை. எண்ணெய் சூடாகும் வாடை வந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணி வரைக்கும்தான். பிறகு பெட்டியைத் திறந்து பல்லைப் பார்க்கணும்."

ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. ஆண்டியப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பம்பின் முன்னால் குந்தினார். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். கம்பெனியின் மேற்பார்வை அதிகாரி வி.ஏ. துரை வருஷா வருஷம் பார்வையிட வருவதற்கு முன், லயத்துக்குச் சுண்ணாம்பு, படிக்கல்லுக்கு வெள்ளை, இரும்பு என்று இருந்தால் பச்சைப் பெயின்ட். பம்பின் மேல் பத்து வருஷப் பச்சை அப்பிக் கிடந்தது. அதன் கன்னத்தில் லேசாக ஒரு மேடு தெரிந்தது. விடுவாரா மனுஷன்? பக்கத்தில் நின்றவரின், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வாங்கிச் சுரண்ட ஆரம்பித்தார்.

பச்சை தோல் தோலாக உரிந்தது. அடியில், இரும்பிலேயே வார்த்த ஓர் அம்புக்குறி. பம்ப் சுற்ற வேண்டிய திசை அது. நாங்கள் அதுவரை நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"இதன் மேல் பெயின்ட் அடித்த முட்டாள் யார்?" என்று துரை கத்தினார்.

"நாந்தாங்க தொரை" என்றார் ஆண்டியப்பன். "வருசா வருசம் நாந்தாங்க."

நானா சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கழற்றி மாட்டினார். பட்டையை நடுவில் ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டால் சக்கரம் மறுபக்கம் சுற்றும் என்பது பாக்டரியில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆண்டியப்பன் முறுக்கிப் போட்டார். எஞ்சின் உறுமியது. குழாய் ஒருதரம் குலுங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. நாங்கள் மேலே பார்த்தபடி நின்றோம். மேக்கணக்குத் தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து ஒரு பெண் குரல் கூவியது. ராக்காயிதான். அடுத்த லயம் வாங்கிக் கூவியது, அதற்கடுத்த லயமும் கூவியது. கூச்சல் முந்நூறு படியும் இறங்கி எங்களிடம் வந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பல்லுக்கும் சேதமில்லை. "சீட்டைக் கிழித்துவிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

சாயங்காலம் ஆண்டியப்பன் ஆபீசுக்கு வந்தார். "அய்யா, அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருக்கீங்க? ஒருக்கா வாசிங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாசித்தேன். பெயர், தகப்பன் பெயர், தொழில். "பிறந்த இடம், இத்தோட்டம், மேக்கணக்கு, ஆறாம் நம்பர் லயம்." வாசித்து முடித்துக் கிழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

"கிழிக்காதீங்கய்யா. எனக்குக் குடுங்க."

"உங்கள வெளிய அனுப்புற சீட்டு இது, ஆண்டியப்பன்."

"இருக்கட்டுங்க. நான் இங்கதான் பொறந்தேன்னு தொரை கையெழுத்துப் போட்ட தாளு வேற எது இருக்கு?"

அவருடைய மனுவை எழுதியவன் நான். பதிவுப் புத்தகம் என் மேசையில்தான் கிடந்தது. மனுவுக்கு அத்தாட்சி கேட்டபோது அதைப் புரட்டிப் பார்க்கத் தோன்றாமல், அவரை வெளியே அனுப்பும் சீட்டுக்கு மட்டும் புரட்டியவனும் நான்தான். சீட்டைக் கொடுத்தேன். கிழித்துவிட்டேன் என்று துரையிடம் பொய் சொன்னேன்.

அவர் மடியிலிருந்து அந்த ஈயத்தாளை எடுத்தார். போல்ட்டுத் தடங்கள் இன்னும் அதில் தெரிந்தன. சீட்டை அதில் வைத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மேக்கணக்குப் படியேறிப் போனார்.