ஆமத்தூரில் மாமா வாங்கிய அறை

அம்மாவின் தம்பி ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்த வண்டி. வெம்பக்கோட்டையில் அதை உதைத்தால் சிவகாசியில் சத்தம் கேட்கும் என்று அப்பா சொல்வார். மாமா பேசினாலோ பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். இப்படிப்பட்ட மனுஷன் எதற்காக அப்படிப்பட்ட வண்டியை எடுத்தார் என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்பட்ட விஷயம். சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனிக்கு அவர் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துவந்தார். வேலைக்கு வண்டி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் என் வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் மோட்டார் சைக்கிள் மாமா கிடையாது என்பதால், நான் அந்த விஷயத்தை அவ்வளவு எளிதாக விடவில்லை. மாமா ரயிலையே முந்துவார் என்று சொல்லிவைத்திருந்தேன்.

உண்மையில் மாமா யாரையும் முந்தியதில்லை.

எனக்குப் பத்து வயது. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு மாமா ஊரான வெம்பக்கோட்டைக்குப் போயிருந்தேன். லீவு முடிகிற அன்று எங்கள் ஊர் விருதுநகரில் சர்க்கஸுக்குக் கடைசி நாள். மூன்று மணி ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, அப்படியே வீட்டில் கொண்டுபோய் விடுவதாக மாமா ஒப்புக்கொண்டிருந்தார். அந்தச் சர்க்கஸில் ஒரு யானை ஸ்டூல் மேல் உட்கார்ந்து மணி அடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை ஒரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பினோம். மாமா ஒரு துண்டால் என் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். தூங்கி விழுந்துவிடுவேனாம். பத்து வயதுக்காரிக்கு இது எவ்வளவு அவமானம் என்று அவருக்குத் தெரியவில்லை.

சிவகாசி தாண்டி, திருத்தங்கல் தாண்டியதும் அந்த லாரி பின்னால் வந்தது. தீபாவளி சீசன். பட்டாசு லோடு ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். டிரைவர் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மாமா உடனே இடது பக்கம் மண்ணில் இறங்கி நின்றுவிட்டார். லாரி எங்கள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி உரசுகிற மாதிரிப் போனது. போகும்போது டிரைவர் தலையை வெளியே நீட்டி மாமாவின் பிறப்பைப் பற்றி ஏதோ சொன்னான். புழுதி அடங்கும்வரை மாமா நின்றார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வண்டியை உதைத்தார்.

நாங்கள் கொஞ்ச தூரம் போவதற்குள் அந்த லாரி எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு அவசரமாகப் போனவன் இப்போது மாட்டுவண்டி போலப் போனான். பிறகு திடீரென்று வேகம் எடுத்தான். மறுபடி ஊர்ந்தான். லாரி மெல்ல மெல்ல வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். சக்கரம் ஓரத்து மண்ணைத் தொட்டதும் வெடுக்கென்று இடது பக்கம் திரும்பும். எங்களை முந்த விடாமல் வேண்டுமென்றே வழி மறிக்கிறான் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

“முந்துங்க மாமா, இடம் இருக்கு.”

“போகட்டும் தாயி.”

“வேணும்னே பண்றான் மாமா.”

மாமா வேகத்தைக் குறைத்து இன்னும் பின்னால் தள்ளி வந்தார். லாரியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ரயிலை முந்துகிற மாமாவைப் பற்றி நான் இனி வகுப்பில் என்ன சொல்வது?

எதிரே பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. லாரி அதை நோக்கியே சாய்ந்துகொண்டு போனது. அப்போதுதான் மாமா முதன்முறையாக ஆரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். மாமா வாயால் எழுப்பாத சத்தமெல்லாம் அதில் வந்தது. வண்டிக்காரர் மாடுகளைப் பள்ளத்தில் இறக்கினார். லாரி கடைசி நொடியில் ஒடித்துத் திரும்பியது. பொதியிலிருந்து கொஞ்சம் பருத்தி பறந்து ரோட்டில் விழுந்தது. வேறொன்றும் ஆகவில்லை. மாமாவுக்கு ஒருவழியாக ரோஷம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

லாரி ஆமத்தூர் டீக்கடையில் போய் நின்றது. மாமாவும் அங்கே போய் வண்டியை நிறுத்தி, துண்டை அவிழ்த்தார். சண்டை நடக்கப்போகிறது என்று நினைத்தேன். இறங்கி, வசதியாகப் பார்க்க ஒரு இடம் தேடி நின்றுகொண்டேன்.

டிரைவர் கிளீனர் இல்லாமல் தனியாக வந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய் வத்தல் மாதிரிச் சிவந்திருந்தன. மாமாவைப் பார்த்ததும் எழுந்தான்.

“ஏலே, நீதான பின்னாலயே ஆரன் அடிச்சது? ரோடு ஒங்கப்பன் போட்டதா லே?”

“தப்புதான் அண்ணாச்சி. உக்காருங்க. டீ சாப்பிட்டீகளா?” என்றார் மாமா.

அவமானத்தில் நான் நின்றபடியே செத்துப்போனேன். மாமா அவனுக்கு டீ சொன்னார். இட்லியும் சொன்னார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அவன் முதலில் முறைத்தான். இட்லி வந்ததும் பேச ஆரம்பித்தான். மூன்று நாளாக மதுரைக்கும் சிவகாசிக்கும் நடை அடிக்கிறானாம். கிளீனருக்குக் காய்ச்சலாம். சாயங்காலத்துக்குள் லோடு போகாவிட்டால் முதலாளி வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வாராம். மூத்த மகளுக்கு என் வயதுதானாம். சொல்லும்போது என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைக்கு ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக்கட்டில் கிடந்தது. “அஞ்சு நிமிசம் முதுகைச் சாச்சுட்டுப் போங்க அண்ணாச்சி. நான் எழுப்பிவிடுதேன்” என்றார் மாமா. அவன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போய்ப் படுத்தான். செருப்பைக் கழற்றவில்லை. கழற்றுவதற்குள் தூங்கிவிட்டான்.

சரி, இனி நாம் போகலாம், லாரி இல்லாத ரோட்டில் பறக்கலாம் என்று நான் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றேன். மாமா லாரிக்குப் போனார். டிரைவர் சீட்டில் ஏறினார், இறங்கினார். இறங்கும்போது வலது கையை மூடியிருந்தார். சட்டைப் பையில் கையை விட்டு எடுத்தபோது கை திறந்திருந்தது. என் மாமா லாரி சாவியைத் திருடிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மாமா லாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். பீடியோடு லாரிப் பக்கம் ஒதுங்க வந்த இரண்டு பேரை எழுந்துபோய்த் திருப்பி அனுப்பினார். டீக்கடைக்கார அம்மா நேரத்தைப் பார்த்துவிட்டு, “அஞ்சு நிமிசம்னாகளே, எழுப்பவா?” என்று கேட்டாள். “எழுப்பாதீக” என்றார். நான் மூன்று தடவை சர்க்கஸை ஞாபகப்படுத்தினேன். முதல் தடவை “போவோம்” என்றார். இரண்டாம் தடவை எனக்கு ஒரு தட்டில் காராச்சேவு வாங்கிக்கொடுத்தார். மூன்றாம் தடவை என்னைப் பார்த்து, “யானையை இன்னொரு நா பாத்துக்கலாம் மருமவளே” என்றார். காராச்சேவைத் தின்னாமல் காகத்துக்குப் போட்டேன்.

டிரைவர் எழுந்தபோது வேப்பமர நிழல் ரோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அவன் வெயிலைப் பார்த்தான், பதறி லாரிக்கு ஓடினான். சாவியைத் தேடினான். மாமா பக்கத்தில் போய் நீட்டினார்.

“நாந்தான் எடுத்து வச்சிருந்தேன் அண்ணாச்சி.”

டிரைவர் கையை ஓங்கி மாமாவின் கன்னத்தில் அறைந்தான். மர நிழலில் நின்ற என் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. மாமாவின் கறுப்புக் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. டீக்கடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “என் பொழப்பக் கெடுத்துட்டியேலே” என்று கத்தினான். மறுபடியும் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. மாமா கையைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

“மொகத்தக் கழுவிட்டு ஏறுங்க” என்றார்.

அவன் கையை இறக்கினான். பிறகு பானைத் தண்ணீரில் முகம் கழுவினான். தலையில் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டான். லாரியில் ஏறிப் போய்விட்டான். மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிளை நாலு தடவை உதைக்க வேண்டியிருந்தது. மாமாவுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

விருதுநகருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சர்க்கஸ் விட்டு ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் மாமாவோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடுப்பையும் பிடிக்கவில்லை. துண்டு மட்டும் இருவரையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்தேன். வத்தல் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் எப்படித் திட்டினான், மாமா எப்படி அவனுக்கே இட்லி வாங்கிக்கொடுத்தார், எப்படிச் சாவியைத் திருடினார், எப்படி அறை வாங்கினார் என்பதை வரிசையாகச் சொன்னேன். அறையை நடித்தும் காட்டினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “வாங்கிட்டுச் சும்மாவா வந்தீக மாப்பிள்ள?” என்று கேட்டார். மாமாவும் சிரித்தார். இடது கன்னம் வீங்கியிருந்ததால் பாதிச் சிரிப்புதான் வந்தது.

அம்மா சிரிக்கவில்லை. தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அந்த டிரைவரை வையப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

“எம்புட்டு நேரம் தூங்குனாரு?” என்று கேட்டாள்.

“ரெண்டரை மணி நேரம் இருக்கும்க்கா.”

“அந்தத் தூக்கம் காணுமா?”

“மதுரை வரைக்கும் போதும்க்கா.”

அம்மா தலையை ஆட்டிவிட்டு அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். நான் இவ்வளவு நேரம் சொன்னதில் அடி வாங்கியது யார், தூங்கியது யார் என்பதே அவளுக்குச் சரியாக விளங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.