டேப் ஒட்டிய கார் ஷெட்

எமில்டாவைப் பற்றிக் கோபப்படாமல் எழுத என்னால் முடியாது. தருவைகுளத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் டீச்சர். தூத்துக்குடியில் அடுத்தடுத்த வீடு. அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது, வீட்டில் கார் இருக்கிறது. ஆனாலும் காலையில் என்னோடு டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வருவாள். கார் வாங்கியதில் பாதி அவள் சம்பளம். அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இது ஒரு பெரிய ஆசையா?

அவள் புருஷன் கிளைட்டன் சரக்குக் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. கப்பலில் துரு கண்ட இடத்தையெல்லாம் தட்டி எடுத்துப் பெயின்ட் அடிக்க வைப்பதுதான் அவன் பிழைப்பு. நல்லவன்தான். ஆனால் லீவு முடிந்து கிளம்பும்போது கார் சாவியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவான். நடுக்கடலில் கார் ஓட்டப் போகிறாயா என்று நானே கேட்டிருக்கிறேன். "அவளுக்கு ரிவர்ஸ் வராது டீச்சர்" என்றான். வண்டி கையில் இல்லாமல் ரிவர்ஸ் எப்படி வரும்?

ஒரு தடவை கிளம்பிய அன்று காரைப் பளபளவென்று கழுவினான். ஈரம் காயும் முன்பே பிளாஸ்டிக் கவரை மாட்டினான். ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, கப்பலிலிருந்து கொண்டுவந்த டேப்பை எடுத்தான். சரக்கறை மூடியின் இடுக்கில் கடல் தண்ணீர் இறங்காமல் ஒட்டுகிற, தார் வாடை அடிக்கிற டேப். ஷட்டரைச் சுற்றி, ஜன்னலைச் சுற்றி, ஓட்டை விடாமல் ஒட்டினான்.

"உப்புக்காத்து ஒரு பொட்டு உள்ள போவக்கூடாது, ஏளா. நான் வந்துதான் பிரிப்பேன்" என்று எமில்டாவிடம் சொன்னான்.

ஈரத்தை உள்ளே வைத்து அடைத்தது அவனுக்குத் தெரியவில்லை. கழுவின தண்ணீர் போதாதென்று சிமென்ட் தரையிலிருந்தும் ஓதம் ஏறியது. பகலில் தகரக் கூரைச் சூட்டில் ஆவியானது, ராத்திரி குளிர்ந்த இரும்பில் வேர்த்து நின்றது. வெளியே போக வழியே இல்லை.

மழைக்காலத்தில் எமில்டா அவனிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஷெட்டுப் பக்கம் போனா ஈர வாடை அடிக்குதுங்க. டேப்பப் பிரிச்சுக் கொஞ்சம் காத்து விடட்டா?"

"தொட்டுராத!" என்று கத்தினான். அதே மூச்சில், கப்பலில் அரிசி ஏற்றியிருப்பதாகவும், காற்று விடாவிட்டால் சரக்கறை வேர்த்து மூட்டையெல்லாம் கெட்டுப்போகும் என்றும், அதைத் தான்தான் பார்த்துக்கொள்வதாகவும் பெருமையடித்தான்.

நானாக இருந்தால் அன்றைக்கே டேப்பைக் கிழித்திருப்பேன். அவள் கிழிக்கவில்லை. புருஷன் கடலில் இருக்கும்போது அவன் சொல்லை மீறினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பயம். இந்தப் பயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

திரும்பி வந்தவன் டேப்பைக் கிழித்து ஷட்டரைத் தூக்கினான். குப்பென்று ஒரு வாடை. கவரின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். பிரேக் இறுகிப்போய்ச் சக்கரம் அசையவில்லை. கதவின் அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. தன் வேலையின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு அவள் மேல் பாய்ந்தான்.

"ஏளா, இங்கனதான இருந்த? ஒரு தடவ தொறந்து பாத்தியா?"

எமில்டா அன்றுதான் வாயைத் திறந்தாள். "தொடாதன்னு நீங்கதான சொன்னிய? ஊரான் அரிசிக்குக் காத்து விடத் தெரியுது. நம்ம காருக்கு மட்டும் ஏன் தெரியல? காருக்கு நான்தான் துருன்னு நெனச்சிட்டியளா?"

அவன் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனான். ஒர்க்‌ஷாப்பில் துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டி, காரை எப்படியோ ஓட வைத்தார்கள்.

அவன் மறுபடி கப்பலுக்குப் போகும் நாளில் எமில்டாதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில். ரிவர்ஸில் வாசலைத் தாண்டும்போது கிளைட்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கார் எங்கேயும் இடிக்கவில்லை.

விமான நிலைய வாசலில் இறங்கினான். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வந்து, பழக்கதோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினான். நாங்கள் இரண்டு பேரும் எப்படி வீடு போய்ச் சேருவோம் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை!

எமில்டா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பத்திரமா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.