மண்ணுக்கு வைத்த பூ

ஆயர் குரோவில் கல் அறுக்கும் பட்டறை ஒன்றில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் அறுப்பது வாளால் இல்லை, தண்ணீரால். குண்டூசி அளவுத் துவாரத்தில் இருந்து பீறிடும் தண்ணீர், கருங்கல்லையும் இரும்புத் தகட்டையும் கீறிக்கொண்டு போகும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் வெறும் தண்ணீர் கல்லை அறுக்காது. அதோடு கலந்து பாய்கிற சிவப்பு மண்தான் அறுக்கிறது. கார்னெட் என்று மூட்டைகளில் வரும். எங்களுக்கு அது மண்தான்.

அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். காதுக்கு உறை போட்டாலும் வீட்டுக்கு வந்தபின் மனைவி கூப்பிடுவது இரண்டாம் தடவைதான் விழுகிறது. இடுப்பு நிமிர மறுக்கிறது. விடியற்காலை குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொள்ளும் அந்தக் கால் மணி நேரம்தான் என் தெம்பு. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷினும் முருகனும்தான்.

எங்களிடம் மண் சலிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அறுத்து முடித்த மண், மெஷினுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடும். அதை அள்ளிப் பின்பக்கம் தகரத்தில் காயப்போட்டு, சலித்து, தூளை நீக்கினால் பாதி மறுபடி உதவும். அதைப் புது மண்ணோடு கலந்து மெஷினில் போடுவது அவர் வேலை. அலோர் காஜா பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில். பட்டறை வேன் அவர் வீட்டு வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்கிவிடும். ஐம்பது தாண்டிய வயதில், அந்த நிலைமையில், வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

போன ஆயுத பூசை அன்று மதியம் மெஷினை நிறுத்திவிட்டுப் பொட்டு வைத்தேன், மாலை போட்டேன். வருடாவருடம் செய்வதுதான். அந்த முறை மனதில் ஒன்று தோன்றியது. எல்லாவற்றையும் அறுப்பது மண். மண்ணுக்கு நாம் ஒன்றும் வைப்பதில்லையே. மெஷின் தலைக்கு மேலே இருக்கும் சின்ன மண் டப்பாவைத் திறந்து, அடியில் மிச்சமிருந்த மண்மேல் ஒரு மஞ்சள் செவ்வந்தியை வைத்துக் கும்பிட்டேன்.

அக்கா சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். "என்னா தம்பி, பொட்டு வச்சாச்சு, பூ வச்சாச்சு, கண்ணுக்கு மை ஒண்ணுதான் பாக்கி."

"அடுத்த வருசம் வச்சிருவோம்க்கா."

"பொரி கடலைய மொதல்ல குடு லா. அதுக்குத்தானே காலு கடுக்க நிக்கிறேன்."

கேலி பேசினாலும் சூடம் எரியும்போது அவரும் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகத்தான் நின்றார்.

மறுநாள் காலை மாலையைக் கழற்றினேன், பொட்டைத் துடைத்தேன். டப்பாவுக்குள் வைத்த பூ நினைவிலேயே இல்லை. டப்பா உயரத்தில் இருப்பதால் உள்ளே தெரியாது; அக்கா வாளி மண்ணைக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டிவிட்டுப் போனார். அன்றைய வேலை, கிளேபாங்கில் புது வீடு கட்டுகிறவரின் சமையல் மேசைக் கல்; அதில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை போட வேண்டும். ஒரே பாறையில் எடுத்த இரண்டு பலகைகள்; ஒன்று ஏற்கெனவே வீட்டில் பதித்தாயிற்று. இது போனால் இதே நிறத்தில் வேறு கிடையாது.

பொத்தானை அமுக்கினேன். சத்தம் மாறியிருந்தது. மண் இல்லாத தண்ணீர் கீச்சென்று கத்தும். நிறுத்தக் கை போவதற்குள் வெறும் தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் கல், ஓட்டை விழ வேண்டிய இடத்தில் இருந்து ஓரம் வரை விரிந்துவிட்டது.

தவுக்கே வந்தார். எங்கள் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். விரிசலை விரலால் தடவினார். பழைய மண்ணைச் சலித்துப் போடுவதை நிறுத்த வேண்டுமென்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். சலித்த மண்ணில் கட்டி இருந்து அடைத்துக்கொண்டது என்று இப்போது அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இந்த மாதத்தோடு பழைய பாசிர், அந்தச் சலித்த மண், வேண்டாம், எல்லாம் புது மூட்டைதான், சலிக்கவும் ஆள் வேண்டாம் என்று மலாயில் கத்திவிட்டு ஆபீசுக்குள் போனார். அக்கா பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பூ நினைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அசதி என்று சொல்லிக்கொள்ளலாம். நிஜம் அது இல்லை.

"ரெண்டு தடவ சலிச்சேன் தம்பி, கட்டியே இல்ல. டப்பாவக் கழட்டு. என் கண்ணால பாக்கணும்," என்றார் அக்கா.

கழற்றிக் கொடுத்தேன். தன் சல்லடையில் கவிழ்த்தார். சிவப்பு மண் முழுக்க இறங்கிப் போனது. மேலே சுருண்ட மஞ்சள் இதழ்கள் நின்றன. இன்னும் கொஞ்சம் டப்பாவின் அடித் துவாரத்தில் அடைத்துக்கொண்டிருந்தன. அக்கா அவற்றை விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் சேர்த்தார்.

"நீ வச்ச பூவு."

"ஆமாக்கா."

"அவரு கத்துறப்பவே தெரியுமா?"

"தெரியும். பயந்துட்டேன்க்கா."

"நா பயப்படலியா?"

அக்கா திட்டவில்லை. கையை நீட்டி, "சாமிக்கு வச்சது. குப்பையில போடக் கூடாதுதானே? எங்க போடட்டும்?" என்று கேட்டார். பேர் சொல்லி ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பூவை அவர் கையில் இருந்து வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தவுக்கேயின் மேசைக்குப் பின்னால் சிவப்பு விளக்கெரியும் அவருடைய சாமி மாடம்; ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. இதழ்களை மேசையில் வைத்து, என் தப்பு, மண்ணில் தப்பில்லை என்றேன். அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். கும்பிடு, மெஷினுக்கு வெளியே நின்று கும்பிடு என்றார். சலிக்கிற வேலை பழையபடியே இருக்கட்டும். நீ மட்டும் வருடக் கடைசி வரை மெஷினைத் தொடாதே, தொட்டியில் மண் அள்ளு என்றார்.

கிளேபாங்காரர் நாங்கள் ஒட்டுப்போட்டுக் கொடுத்த கல்லையே வாங்கிக்கொண்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாமியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் பூ கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன். ஈர மண் சிமெண்டைவிடக் கனக்கிறது. முழங்கால் வரை சகதியில் நின்று அள்ளி அள்ளி வாளியில் போட, அக்கா தகரத்தில் பரப்புகிறார். ஒரு வாரம் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தொட்டிக்கு மேலிருந்து குரல் வந்தது.

"தண்ணிய நல்லா வடியவிட்டு அள்ளு லா தம்பி. இப்பிடி ஒழுக ஒழுகக் குடுத்தா இது எப்பக் காயுறது?"

"சரிக்கா," என்றேன். மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் வடியும்வரை நின்றேன்.