வலது ஓர சீட்டு

இது நடந்தது. சும்மா அளந்துவிடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக வந்து என் வண்டியின் கடைசி வரிசையில், வலது ஓரத்தில், ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். நான் உட்கார மாட்டேன்.

என் பெயர் ஸஹ்ரான். ஓமானில், நிஸ்வாவில் இருக்கிறேன். எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டி. மனைவி அஸ்ஸா, இரண்டு பையன்கள், கடைக்குட்டி ரய்யா. ஆறு வயது. அந்த வலது ஓரம் அவளுடைய இடம். வேறு யாராவது உட்கார்ந்தால் வீடே இரண்டுபடும்.

அந்த வெள்ளிக்கிழமை மலைமேல் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டி, பின்கதவைத் திறந்து வைத்து, பேரீச்சம்பழமும் காப்பியும் சாப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நெரிபடும் சத்தம். சரக்... சரக்... யாரோ நடந்து போகிறார்கள்.

சாப்பிடும்போது யார் கடந்து போனாலும் கூப்பிடுவது எங்கள் பழக்கம். முகம் பார்த்தெல்லாம் கூப்பிடுவதில்லை. நானும் தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"தஃபத்தல்! வாங்க, வந்து உட்காருங்க."

சத்தம் நின்றது.

"யாரைக் கூப்பிடுறீங்க, அபூ ஹிலால்?" என்றாள் அஸ்ஸா. மூத்தவன் பெயரைச் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுவாள். திரும்பிப் பார்த்தேன். ரோடு காலி. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கிளம்பும்போது பின்பக்கம் வலது ஓரம் லேசாக அமுங்கியது. கிரீச்...

வீட்டுக்கு வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அது எழும்பவில்லை. ஸ்பிரிங் போயிருக்கும் என்று முராதிடம் விட்டேன். பலூச்சி மெக்கானிக். வாய் நீளம், வேலை சுத்தம். முதலாளி என்பதற்கு அர்பாப் என்பான்.

"அர்பாப், மாமியார் வீட்டு ஆட்டையெல்லாம் ஏத்திட்டு வந்தீங்களா? சஸ்பென்ஷன் செத்தே போச்சு!"

ஸ்பிரிங்கை மாற்றினான். ஷாக் அப்சார்பரை மாற்றினான். ஜாக்கியை இறக்கினான். வலது பின்பக்கம் மெல்ல... மெல்ல... தாழ்ந்தது.

மறுநாள் போன் வந்தது. குரலில் கிண்டல் இல்லை.

"வந்து எடுத்துட்டுப் போங்க."

"சரியாயிடுச்சா?"

"பழைய ஸ்பிரிங்ல ஒரு குறையும் இல்ல, அர்பாப். உள்ள ஆள் இருக்குற மாதிரி இருக்கு. நான் இனிமே தொட மாட்டேன்."

அன்றிலிருந்து ரய்யா இடது ஓரத்துக்கு மாறிக்கொண்டாள். அவளாகவே. ஏன் என்று கேட்டேன்.

"அது இப்ப அவரு இடம்ப்பா."

வண்டி எக்கேடு கெட்டும் போகட்டும். என் பிள்ளைக்குப் பக்கத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது?

அஸ்ஸாவுக்குத்தான் முதலில் உறைத்தது. "நீங்கதானே கூப்பிட்டீங்க? நீங்கதான் அனுப்பி வைக்கணும்."

எங்கள் ஊரில் விருந்தாளியைப் போ என்று வாயால் சொல்ல மாட்டோம். சாம்பிராணிப் புகையைக் கொண்டுவந்து காட்டுவோம். புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்கள்.

மறுநாள் காலை பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போக நினைத்தோம். பையன்கள் இறங்கிவிட்டார்கள். ரய்யா மட்டும் சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாள். இழுத்துப் பார்த்தேன். அசைக்கவே முடியவில்லை. அவளோடுதான் கிளம்பினோம்.

அதே வளைவு. காற்றே இல்லை.

பின்கதவைத் திறந்தேன். தூபக்காலை நீட்டினேன்.

புகை மேலே எழவில்லை. காலி சீட்டைச் சுற்றியே நின்றது. தோள் மாதிரி... தலை மாதிரி...

கிரீச்...

வண்டி எழும்பியது.

சரக்... சரக்... சரக்...

அந்தச் சத்தம் ரோட்டின் விளிம்பு வரை போய் நின்றது.

ரய்யா கையசைத்தாள்.

அஸ்ஸா அழுதுவிட்டாள். நானும்தான். வண்டி சமமாக நின்றது. பிள்ளை பத்திரம். அது போதும் என்று வீடு வந்து சேர்ந்தோம். ரய்யாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அவரு போறப்ப ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"ம். அடுத்தது நாம அவங்க வீட்டுக்கு வரணுமாம். எல்லாரும்."

"நீ என்ன சொன்ன?"

"வரோம்னு சொன்னேன். அப்படித்தானே சொல்லணும்?"

"வீடு... எங்கயாம்?"

"அங்கயேதான்ப்பா. வளைவுல திரும்பாம நேரா வந்தா போதுமாம்."

அந்த வளைவில் நேரே போனால் பள்ளம்தான்.

மாமனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் விழுந்திருக்கின்றனவாம். இரண்டும் குடும்பத்தோடு. இரண்டும் நல்ல பகல் வெளிச்சத்தில்.

ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லையாம்.